முன்னுரைக்கு விட்ட ஏழு வரி

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அவள் ‘ஓரக்கோடு டீச்சர்’. வகுப்புக்குள் நுழைந்ததும் வணக்கத்தைக்கூட அப்புறம்தான் வாங்கிக்கொள்வாள். முதலில், ஓரம் விட்டாச்சா, கோடு போட்டாச்சா என்பாள். தொப்பை போட்டு, தலை நரைத்து, லாரி ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள்கூட என் கடைக்கு விண்ணப்பம் எழுத வந்தால், தாளை வாங்கியதும் இடது பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். ஏன் என்று கேட்டால், மடிக்காவிட்டால் டீச்சர் பின்னால் வந்து நிற்பது போல இருக்கிறதாம்.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் நான், என் வீட்டுக்காரி, எங்கள் ஒரே மகள், அப்புறம் அக்கா. மகளைக் குருவி என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது, தட்டில் வைத்ததில் பாதியைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். என் வீட்டுக்காரிக்கும் வாய் நீளம்தான். ஆனால் அவள் வாய் வேறு வகை, திட்டுகிற வகை. காலையில் பால்காரரில் ஆரம்பித்தால் ராத்திரி என்னில் வந்து முடிப்பாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு முறை தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அவளுக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். நல்ல மனிதர். அக்கா அதைச் சிவப்பு மையில் திருத்தி, எங்கெங்கே பத்தி பிரித்திருக்க வேண்டும் என்று குறித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேலிக்காகச் செய்யவில்லை. கையில் கிடைக்கிற எதையும் அப்படிப் படிக்கத்தான் அவளுக்குத் தெரியும். மனிதர் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. இன்றைக்கும் நான் அந்தப் பேச்சை எடுத்துச் சீண்டினால், விஷயம் மூன்றாவது பக்கத்தில்தானே வந்தது, அதுவரை யார் காத்திருப்பது என்பாள். கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். என்னிடம் சொன்னதில்லை.

அக்காவிடம் ஒரு தாள் இருக்கிறது. ‘கட்டுரை எழுதும் முறை’ என்று தலைப்புப் போட்டு, அவளே கைப்பட எழுதிய ஒரு பக்கம். வருஷா வருஷம் பள்ளி திறக்கிற வாரத்தில் நான் அதைக் கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் எடுத்துத் தர வேண்டும். காசு கிடையாது, கொஞ்சம் மங்கலாக விழுந்தால் திட்டு மட்டும் கிடைக்கும். எடுத்து எடுத்து அந்தத் தாள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தலைப்பு நடுவில் வரட்டும், அடியில் ஒரே கோடு, பூ வரையாதே. தலைப்புக்குக் கீழே நாலைந்து சொல்லில் குறிப்புச் சட்டகம். எதற்குப் பின் எது வரும் என்று அதில் தெரிய வேண்டும். பிறகு முன்னுரை, நடுவில் மூன்று பத்தி, கடைசியில் முடிவுரை. ஒரு பத்திக்கு ஒரு கருத்துத்தான். இன்னொரு கருத்து வந்து கதவைத் தட்டினால் அதற்குத் தனிப் பத்தி கட்டிக்கொடு, ஒரே அறையில் இரண்டு குடித்தனம் வைக்காதே. பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளித் தொடங்கு. ஒவ்வொரு பத்தியையும் ‘மேலும்’ என்று தொடங்காதே. முந்தின பத்தி எங்கே விட்டதோ அங்கிருந்து பிடித்துக்கொள். அடித்தால் ஒரே கோட்டில் அடி, மைக் குளத்தில் முக்காதே. முடிவுரையில் புதிதாக எதையும் கொண்டுவராதே. விடைபெற்றுக்கொண்டு வாசலில் நின்று புதுக்கதை ஆரம்பிக்கிற விருந்தாளியை யாருக்கும் பிடிக்காது. இப்படியே போகும் அந்தத் தாள். அவள் பேசுவது போலவேதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கீழே கட்டம் கட்டி ஒரு வரி இருக்கும். முன்னுரையைக் கடைசியில் எழுது. தலைப்புக்குக் கீழே ஏழு வரி விட்டுவிட்டு நேராக நடுவுக்குப் போ, எல்லாம் முடிந்த பிறகு மேலே வா.

இது அக்காவின் சொந்தச் சரக்கு. வேறு எந்த ஆசிரியரும் இப்படிச் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் முன்னுரையிலேயே மாட்டிக்கொண்டு, பேனாவைக் கடித்து, விட்டத்தைப் பார்த்து, பாதி நேரத்தைத் தொலைப்பதைப் பல வருஷம் பார்த்துவிட்டு அவள் கண்டுபிடித்த வழி. வீட்டுக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வாசலில் நின்று எப்படி அறிமுகப்படுத்துவது என்பது அவள் நியாயம். அது பலித்தது. திக்கித் திணறுகிற பிள்ளைகள்கூட அந்த ஏழு வரியை விட்டுவிட்டால் கடகடவென்று எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கட்டுரைத் தாளை எங்கே பார்த்தாலும் முன்னுரை மட்டும் கொஞ்சம் நெருக்கியடித்து இருக்கும். அதை வைத்தே இது ஓரக்கோடு டீச்சர் வகுப்பு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படிப்பதானால் வெளியூர் போய்த் தங்க வேண்டும். என் கடை வருமானத்துக்கு அது கட்டாது. குருவிக்கோ மருந்து சம்பந்தமாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் யாருக்கு மாத்திரை வாங்கி வந்தாலும், டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தை விரித்துக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பாள். பெருநகரத்தில் ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் தங்க, சாப்பிட, படிக்க எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் தேர்வில் குருவி தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது கட்டுரைத் தேர்வு ஒன்றுதான். ஒரே தலைப்பு, ஒரே கட்டுரை, நாற்பது நிமிஷம். தேறினால் பெருநகரம். தேறாவிட்டால் என்னோடு மெஷின் பக்கத்தில் நின்று தாள் அடுக்க வேண்டியதுதான்.

சாயங்காலமானால் அத்தையும் மருமகளும் கடையின் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீரைச் சேமிப்பது, நூலகத்தின் பயன், காலம் தவறாமை என்று அக்கா தலைப்பு மேல் தலைப்பாகப் போடுவாள். குருவிக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பேச்சு எப்படியோ எழுத்தும் அப்படி. நடுப் பத்திகள் ஊதிக்கொண்டே போகும். உன் கட்டுரைக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, தலையைக் காணோம் என்று அக்கா திட்டுவாள். நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேசையைத் தட்டி, "மேல போ" என்பாள். குருவி உடனே பக்கத்தைப் புரட்டி, விட்டு வைத்த ஏழு வரியில் முன்னுரையை எழுதிவிடுவாள். தினமும் அதே ஐந்து நிமிஷம், அதே தட்டு, அதே "மேல போ". மெஷினுக்கு டோனர் பொடி மாற்றிக்கொண்டே நான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எவ்வளவு அழகாகப் பயிற்சி நடக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்க்கிற வேலையை அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல அத்தையிடம் ஒப்படைத்துவிட்டாள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தேர்வு எங்கள் பள்ளியிலேயே நடந்தது. அக்காவுக்கு ஹாலில் வேலை கிடையாது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் உறைகளுக்கு முத்திரை வைக்கிற வேலை. சொந்தக்காரப் பிள்ளை எழுதுகிறாள் என்று அவளே முன்கூட்டிச் சொல்லி வாங்கிக்கொண்ட ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து, இரண்டாவது ஹாலுக்கு வர வேண்டிய கண்காணிப்பாளர் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த தலைமைக் கண்காணிப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு அந்த ஹாலுக்குப் போகச் சொன்னார். என் தம்பி மகள் அந்த ஹாலில்தான் இருக்கிறாள் என்று அக்கா சொன்னாள். அவருக்கும் வேறு வழியில்லை, ஆள் இல்லை. அறிக்கையில் எழுதிவிடுகிறேன் என்றார். அந்தப் பிள்ளை இருக்கிற வரிசைப் பக்கம் போகக் கூடாது, அச்சடித்துக் கொடுத்த வரிகளைத் தவிர ஒரு சொல் பேசக் கூடாது, யாராவது ஒருவர் புகார் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் தாள் செல்லாது என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மனிதர் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒருத்தர் மேலாவது பழியைப் போட முடிந்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஹாலுக்குள் நடந்தது எல்லாம் அக்கா வாயிலிருந்து நான் கேட்டது. பாதி அன்றைக்கே சொன்னாள். மீதி, அதற்குப் பிறகு எப்போதெல்லாம் மனசு அறுத்ததோ அப்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அக்கா உள்ளே நுழைந்ததும் குருவியின் முகம் மலர்ந்துவிட்டதாம். வேறு யாராவது முன்பின் தெரியாதவர் வந்து நின்றிருந்தால் பிள்ளை பயந்திருப்பாள், பயத்தில் கடிகாரத்தையாவது பார்த்திருப்பாள். அத்தையைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. கேள்வித்தாளைப் பிரித்தார்கள். தலைப்பு: ‘என்னை ஆளாக்கியவர்’. குருவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓரம் மடித்தாள், தலைப்பை நடுவில் எழுதினாள், அடியில் ஒரே கோடு போட்டாள். முன்னுரை, குணம், உழைப்பு, எனக்குச் செய்தவை, முடிவுரை என்று சட்டகம் எழுதினாள். ஏழு வரி விட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை.

ஹாலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் அக்காவிடம் படித்த பிள்ளைகள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் மேசைக்கு மேசை தாளின் மேற்பகுதியில் ஒரு பட்டை வெள்ளையாக இருந்ததாம். அதைப் பார்த்ததும் முதலில் பெருமையாக இருந்தது என்று அக்கா சொன்னாள். நேரம் போகப் போக ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தைப் புரட்டி மேலே போனார்கள். வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. குருவி மட்டும் கடைசிப் பக்கத்திலேயே இருந்தாள். தலைப்பு அப்படி அமைந்துவிட்டது. பிடித்த ஆளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவளுக்கு நிறுத்தத் தெரியுமா?

ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா அச்சடித்த தாளை எடுத்து, "இன்னும் ஐந்து நிமிடங்கள் உள்ளன" என்று படித்தாள். குருவி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லையாம். அடுத்த சொல்லுக்காகப் பார்த்தாளாம். பின்கட்டில் தினமும் ஐந்து நிமிஷம் இருக்கும்போது வருகிற அந்த இரண்டு சொல். அது வரவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் அவளுக்குப் பழக்கம். அக்காவுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. வாசலில் தலைமைக் கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். மேசையைத் தட்டலாம் என்று கையைத் தூக்கினாள். தட்டினால் அது சைகை. யாராவது ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும், தாளே செல்லாது. கையைக் கீழே போட்டாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். குருவி அதைக் கேட்டு லேசாகச் சிரித்துவிட்டு, மறுபடியும் குனிந்து முடிவுரையை எழுதத் தொடங்கினாள். முடிவுரையை அவசரத்தில் கெடுக்காதே என்பதும் அக்காவின் பாடம்தான்.

மணி அடித்தது. பேனாவைக் கீழே வைக்கச் சொல்லியாயிற்று. அந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு. தாளில் காலியாக விட்ட இடம் எதுவானாலும், பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி, கண்காணிப்பாளரே சிவப்பு மையில் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் தாளை வாங்க வேண்டும். அந்த வரிசையை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கா தலைமைக் கண்காணிப்பாளரிடம் கேட்டாள். அவருக்குப் பக்கத்து ஹாலில் தாள் கணக்கு இடித்துக்கொண்டு நின்றது. இனிமேல் என்ன, எழுதி முடித்தாயிற்றே, நீங்களே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை கால் வைக்காத அந்த வரிசைக்குள் அக்கா அப்போதுதான் போனாள்.

குருவி முதல் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அக்கா பக்கத்தில் வந்ததும், "அத்தை, மேல எழுதல" என்று மட்டும் சொன்னாள். அக்கா பேனாவை எடுத்து, அந்த ஏழு வரிக்குக் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்குக் கோடு போட்டாள். எத்தனையோ ஆயிரம் கோடு போட்ட கை. அது பாட்டுக்கு நேராகப் போய்விட்டது.

பிள்ளை நேராகக் கடைக்கு வந்தாள். வந்தவள் பேசவில்லை. அவள் பிறந்ததிலிருந்து வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்தாள், பிறகு காரணமே தெரியாமல் என்னைத் திட்டினாள்.

அக்கா வந்து நடந்ததைச் சொன்னதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பெரியவள் என்று பாராமல் கேட்டேன்.

"ரெண்டே வார்த்தை. மேல போ. அதச் சொல்ல முடியாம உன் வாய யாருக்கா தைச்சாங்க?"

"சொல்லியிருந்தா அவ தாளையே கிழிச்சிருப்பாங்கடா."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் அங்க போகாமலே இருந்திருக்கணும். நான் நின்னதுதான்டா தப்பாப் போச்சு" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோபம் இருந்தவரை தெம்பாக இருந்தது. அது போனதும் என்ன செய்வதென்றே தெரியாமல், ஓடாத மெஷினை ஒருமுறை திறந்து மூடினேன்.

குருவியைத் தேற்ற முடியாவிட்டாலும் அவள் அம்மாவையாவது தேற்றலாம் என்று அக்கா நினைத்தாள் போலிருக்கிறது. கோடு போடும்போது அதற்குக் கீழே இருந்த முதல் வரி அவள் கண்ணில் பட்டிருந்தது. மாடிக்குப் போய் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பொண்ணு உன்னப் பத்திதாம்மா எழுதியிருக்கா. ‘அவர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பார், எல்லோரும் தூங்கிய பிறகுதான் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுப்பார்’. நானே பார்த்தேன்."

என் வீட்டுக்காரி அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெசமாவா அண்ணி? நான் வாயத் தொறந்தா திட்டத்தானே செய்றேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. மாடிப்படியில் ஏறும்போது மெல்லப் பாடினாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம், திட்டுகிற வாய்க்குப் பின்னால் ஒரு மனசு இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று சொன்னாளாம். இடம் கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும், எனக்கு இது போதும் என்றுகூடச் சொன்னாளாம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு வாரம் முழுக்கப் பால்காரரைத் திட்டாமல் இருந்தது அப்போதுதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் குருவி கடையில் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, அது அம்மாவப் பத்தி இல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எது என்று கேட்டேன்.

"கட்டுரை. அத்தையப் பத்தி. உள்ள முழுக்க ‘அவர், அவர்’னு எழுதிட்டேன். யாருன்னு மேலதான் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பதும் அக்காதான், கடைசியில் கடைக்கதவைத் தாழிடுவதும் அக்காதான். என் வீட்டுக்காரி எழுந்திருக்கும்போது அக்கா ஒரு கட்டுக் கட்டுரை திருத்தி முடித்திருப்பாள். பக்கத்திலேயே இருக்கிற நமக்குத்தான் அது கண்ணில் படவில்லை. அந்த ஏழு வரியில் என்ன எழுதுவதாக இருந்தாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. அந்த ஹாலில் உட்கார்ந்தபோதே மனசுக்குள் எழுதிவிட்டிருந்தாள் போல. படிக்கிற குரலில் சொன்னாள்: "என் அத்தைக்குச் சமைக்கத் தெரியாது. சட்டென்று கோபம் வரும். ஓரம் விடாத தாளைக் கண்டால் பிடிக்காது. ஆனால் என்னை ஆளாக்கியவர் யார் என்று என்னை எங்கே கேட்டாலும், எப்போது கேட்டாலும் நான் அவரைத்தான் சொல்வேன்."

சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் பின் அடிக்க ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அத்தைகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அவங்க பேர் வர வேண்டிய எடத்துலயே கோடு போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்டயும் வேணாம்" என்றாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? பத்து விரலையும் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

முடிவு வந்தது. குருவி பெயர் இல்லை. கூடவே அனுப்பியிருந்த மதிப்பெண் சீட்டில், உள்ளடக்கம் நன்று, நடை நன்று, முன்னுரை இல்லை என்று போட்டு, கீழே திருத்தியவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கட்டுரை யாரைப் பற்றியது என்று எங்கும் சொல்லப்படவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு தேர்வு நடத்திய ஆபீசுக்கு ஒரு முறை போனேன். பிள்ளை எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே இருந்த அம்மாள் பொறுமையாகவே கேட்டார். தாளில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண் போட முடியும் ஐயா என்றார். காரணத்தைச் சொல்லப் போனால், கண்காணிப்பாளரின் சைகைக்காகப் பிள்ளை காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அக்கா வேலைக்கு ஆபத்து. வந்த வழியே திரும்பினேன்.

குருவி இப்போது கடையில்தான் இருக்கிறாள். வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். தாள் சிக்கினால் எனக்கு முன்னால் அவள் எடுத்துவிடுகிறாள். பேச்சும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, பழைய மாதிரி இல்லை. மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிற காகிதத்தை இப்போது பிரிப்பதில்லை.

பள்ளி திறக்கிற வாரம் அக்கா வழக்கம் போலத் தன் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வாங்கிப் பார்த்தேன். அடியில் கட்டம் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த வரியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தாள்.

"என்னக்கா இது?"

"முன்னுரைய முதல்ல எழுதுன்னு சொல்ல வாய் வரல. அது எனக்குப் பொய். கடைசில எழுதுன்னு சொல்லவும் இனிமே வாய் வராது. பிள்ளைங்க கேட்டா, அவங்க அவங்க சௌகரியப்படி எழுதட்டும்."

யார் என்ன கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தவள் அப்படிச் சொன்னது எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. தாளை மெஷினில் வைத்தேன். குருவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து பின் அடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் என் வீட்டுக்காரி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அக்கா குருவியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"நல்லாத்தான்டா எழுதியிருக்கா. நடை நன்றுன்னு போட்டிருக்காங்க. அம்மாவப் பத்திதான்னு வீட்டு ஆளுங்க நமக்குத் தெரியும். திருத்துற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? மேல எழுதியிருந்தாத்தானே யாருன்னு தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். குருவி பின் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் பாட்டு நிற்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன காப்பிக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான்" என்றாள்.